ஆத்தா வேண்டாமென்ற கிராபிக்ஸ் கார்டு

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் லேப்டாப் அம்மன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. அப்படித்தான் என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். முட்டை ஏற்ற வரும் லாரிக்காரரிடம்கூடச் சொன்னார். அந்தப் பேச்சு ஆரம்பித்தாலே நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். அங்கே வேலை இருக்கிறதோ இல்லையோ, கழுவின பாத்திரத்தையே எடுத்து இன்னொரு தடவை கழுவுவேன்.

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். பல்லி தலையில் விழுந்தால் ஆபத்து பல்லிக்குத்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டுக்காரர் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எங்கள் தோட்டமும் கோழிக் கொட்டகைகளும் இருக்கின்றன. பெரியவன் இன்ஜினியரிங் முடித்துச் சென்னையில் வேலைக்குப் போய்விட்டான். சின்னவள் நாமக்கல்லில் பி.காம். படிக்கிறாள்.

வீட்டுக்காரர் குடும்பத்தில் எதற்கும் பூக் கேட்பார்கள். பெண் பார்த்துவிட்டு வந்தால் பூ, போர் போட இடம் பார்த்தால் பூ, லாரி வாங்கினால் பூ. சிவப்பு அரளியில் ஒரு பொட்டலம், வெள்ளை அரளியில் ஒரு பொட்டலம். எது எதுவென்று வெளியே தெரியாதபடி வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, அம்மன் காலடியில் வைப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் ஒன்றை எடுத்துப் பூசாரியிடம் கொடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தை எக்காரணம் கொண்டும் பிரிக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் அப்படியே விட்டுவிட வேண்டும். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோதும் கேட்டார்களாம், வெள்ளை வந்ததாம். அந்த வெள்ளைப் பூவைப் பற்றி எனக்கு இன்றைக்கும் இரண்டு கருத்து உண்டு.

ஆனால் பெரியவனுக்கு லேப்டாப் வாங்கும்போது யாரும் பூக் கேட்கவில்லை. அவன் கல்லூரியில் சேர்ந்த வாரம் சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அவன் எதைக் காட்டினானோ அதை வாங்கிக் கொடுத்தோம். கறுப்பாக, தடியாக, விசைகளுக்கடியில் சிவப்பு விளக்கு எரியும். கிராபிக்ஸ் கார்டு தனியாக உள்ளது, அதுதான் வேண்டும் என்றான். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை. ஆண்பிள்ளை, இன்ஜினியரிங் படிக்கிறான், ஏதோ தேவை இருக்கும். அதில் அவன் படித்ததைவிடத் துப்பாக்கி பிடித்து ஓடினதுதான் அதிகம். வேலைக்குப் போனதும் கம்பெனியே வேறொன்று கொடுத்துவிட்டது, பழையது வீட்டுக்கு வந்து சின்னவள் கைக்குப் போனது.

அவள் அதில் விளையாடவில்லை. ஏதேதோ வீடியோக்களைப் பார்த்து, தானாகவே முப்பரிமாணத்தில் உருவம் செய்யப் பழகிக்கொண்டாள். முதலில் ஒரு சொம்பு செய்தாள். பிறகு எங்கள் வீட்டுப் படிக்கட்டு. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். எங்கள் கோழிக் கொட்டகை. மேற்கே இருந்து வெயில் சாய்ந்து விழுகிறது, கம்பி வலையின் நிழல் தரையில் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது. ஓரத்தில் தென்னை மரங்கள்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாஞ் செரி, கோழி எங்க சாமி?" என்றார்.

"போடறனுங்ப்பா."

அடுத்த வாரம் கூண்டுகளில் வரிசையாகக் கோழிகள் வந்துவிட்டன. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, "அந்த மூலைல நிக்கறது மந்தமாத் தெரியுது, பாத்துக்க" என்றார். அவள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அதை நினைக்காமல் இருக்கத்தான் பாடுபடுகிறேன்.

பெங்களூரில் இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். பி.காம். முடிந்ததும் சேரலாம். ஆனால் மதிப்பெண்ணை வைத்து எடுக்க மாட்டார்கள், நாமே செய்த வேலைகளை அனுப்ப வேண்டும், நன்றாக இருந்தால் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "பாக்கலாம் கண்ணு" என்றேன். நான் பார்க்கலாம் என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று என் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தக் கோடையில் பழைய லேப்டாப் சூடாகிச் சூடாகி உயிரை விட்டது. பழுது பார்க்கிறவர் திறந்து பார்த்துவிட்டு, புதுசே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூடிக் கொடுத்துவிட்டார். மூன்று பேரும் காரில் சேலம் போனோம். கடைக்காரப் பையன் முதலில் கேட்டது, பாப்பா என்ன படிக்குது என்பதைத்தான்.

"பி.காமுங்களா? அப்ப சாதாரணமே போதுங்க. கார்டு வெச்சது கேம் ஆடற பசங்களுக்குங்க. எடை சாஸ்தி, சூடாகும், சார்ஜும் நிக்காது" என்றான்.

அவள் தனக்கு எதற்கு வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். அவன் அவளிடம் தலையாட்டிவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் அங்கே தொங்கிய கைப்பைகளைப் பார்த்தேன். யோசித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிக் கிளம்பினோம்.

வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தியபோது அவர், "அப்பிடி என்னதான் சாமி அதுல வித்தியாசம்?" என்றார். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"நம்ம பெரிய கெணத்துல பெரீப்பா ஊட்டுக்காரங்களோட முறைத் தண்ணி உடறமல்லங்ப்பா. அந்த மாதிரிதான் சாதாரண லேப்டாப்பு. இருக்கற மெமரியவே எல்லா வேலைக்கும் பங்கு போட்டுக்கும். கணக்குப் போடறதுக்கு, எழுதறதுக்கு, படம் பாக்கறதுக்கு அதுவே தாராளம். கார்டு இருந்துச்சுன்னா படம் வரையற வேலைக்குத் தனி போர் போட்டுக்கிட்ட மாதிரி. அதுக்குன்னு தனித் தண்ணி. யாரோட முறைக்கும் காத்துட்டு நிக்க வேண்டாம்."

நான் எத்தனையோ வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இவ்வளவு தெளிவாக ஒன்றை விளக்கியதில்லை. அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். முறைத் தண்ணீருக்காகத் தன் அண்ணனிடம் அவர் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பச் சந்தோஷமாகச் சொன்னார்:

"போருன்னா பூக் கேக்காம எப்பிடிச் சாமி? வெள்ளிக்கெழம கேட்டுருவோம்."

அவள் என்னைப் பார்த்தாள். இதற்குப் போய் பூவா என்று நான் சொல்லுவேன் என்று எதிர்பார்த்தாள். வேறு எந்த விஷயமாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். போர் போடக் கேட்டபோது நிலத்தடி நீர் பற்றி அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தவள் நான். அன்றைக்கு மட்டும் டீயை ஆற்றிக்கொண்டு சும்மா இருந்தேன்.

எனக்கு அது தெரியாத விஷயம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. கடைக்குப் போவதற்கு முன்பே செல்போனில் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். பெரும்பாலானவர்களுக்குத் தனிக் கார்டு தேவையே இல்லை என்பதும் தெரியும், இவள் செய்கிற வேலைக்கு அது இல்லாமல் ஆகாது என்பதும் தெரியும். கார்டு இருந்தால் இவள் நல்ல வேலைகளைச் செய்து அனுப்புவாள், பெங்களூரில் கூப்பிடுவார்கள், போய்விடுவாள். கார்டு இல்லாவிட்டால் பி.காம். முடித்து, பக்கத்திலேயே ஏதாவது வேலை, பக்கத்திலேயே ஒரு மாப்பிள்ளை, தீபாவளிக்குக் காலையில் வந்து சாயங்காலம் போகிற தூரம். பெரியவன் போனபோது வீட்டில் ஒரு அறைதான் காலியானது. இவளும் போனால் எனக்கு அந்த வீட்டில் பேச ஆளில்லை. கோழிகளிடம் பேசுவதற்கு அவர் இருக்கிறார். எனக்கு யார் இருக்கிறார்கள்? இதை வாயைத் திறந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் சிறுத்துப் போய்விடுவேன். பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்புங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பேசுகிற வாய் இது.

வெள்ளிக்கிழமை காலையில் பூப் பறித்தது நான்தான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு அரளிச் செடிகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கை நிறையச் சிவப்பைப் பறித்தேன். வெள்ளைச் செடியின் பக்கம் போகவே இல்லை. வாழையிலையை இரண்டாகக் கிழித்து, இரண்டிலும் சிவப்பையே வைத்து, மடித்து, கட்டினேன். நான்தான் நம்பாதவளாயிற்றே, நம்பாதவள் எப்படிச் சாமியை ஏமாற்ற முடியும் என்று ஒரு நியாயம் தயாராக வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு வாதம் சொல்லிக்கொடுப்பவளுக்குத் தனக்கென்று ஒரு வாதம் செய்துகொள்ளவா வராது.

கோயிலில் கூட்டமில்லை. என்ன காரியம் என்று பூசாரி கேட்டார். வீட்டுக்காரர், "பாப்பாவுக்கு லேப்டாப்பு எடுக்கறமுங்க. அதுல தனிக் கார்டு போட்டது எடுக்கலாமா, போடாதது எடுக்கலாமான்னு" என்று இழுத்தார்.

"எதுவா இருந்தாலும் ஆத்தாளுக்குத் தெரியுமுங்க. மனசுல நெனச்சுட்டு எடுங்க" என்று பூசாரி அம்மன் காலடியிலிருந்த பொட்டலத் தட்டை எடுத்துக் குலுக்கி நீட்டினார்.

வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. வெள்ளை வர வேண்டும் என்றுதான் வேண்டினார் என்று பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரியாது. கை தட்டின்மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. இந்தப் பொட்டலத்தைத் தொட்டு, வேண்டாமென்று விட்டு, அந்தப் பொட்டலத்தை எடுத்தார். பூசாரி பிரித்துக் காட்டினார். சிவப்பு.

"ஆத்தா இப்போதைக்கு வேண்டாங்குறா" என்றார் பூசாரி.

சின்னவளைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. பூசாரி மிச்சமிருந்த பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து, "அம்மிணி, பின்னால வாய்க்கால்ல உட்டுட்டு வந்துரு சாமி" என்றார். நான் விடுகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள். போனபோது முகம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. "போலாங்ளா?" என்றாள். எனக்கு மூச்சு வந்தது.

மறுநாளே சேலம் போய் இந்த லேப்டாப்பை வாங்கினோம். வெள்ளி நிறம், மெல்லிசு, ஒற்றைக் கையால் தூக்கலாம். ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் முழுக்க நிற்கும். குறை சொல்ல ஒன்றுமில்லை, எழுதுவதற்கு இதைவிட நல்லது கிடையாது.

அவள் இதிலும் முயன்று பார்த்தாள். பழைய கொட்டகையை எடுத்து மறுபடி திறந்தாள். திரை உறைந்து நின்றுவிடும். அவள் கன்னத்தில் கைவைத்துக் காத்திருப்பாள். பிறகு எதையாவது ஒன்றை எடுத்துவிடுவாள். முதலில் கோழிகளைப் பாதியாக்கினாள். அப்புறம் ஒரு வரிசை மட்டும் வைத்துக்கொண்டாள். "இன்னைக்குத் தென்னமரத்தை எடுத்துட்டனுங்ம்மா" என்று சாதாரணமாகச் சொல்லுவாள், யாரோ நிஜமாக வெட்டிக்கொண்டு போனமாதிரி எனக்கு இருக்கும். கம்பி வலையின் நிழலை எடுத்தாள். கடைசியாக அந்தச் சாயங்கால வெயிலையும் எடுத்துவிட்டாள். சாம்பல் நிறத்தில் வெறும் கொட்டகை நின்றது. அவள் காப்பி கேட்டாள், போட்டுக் கொடுத்தேன். என்னால் செய்ய முடிந்தது அதுதான்.

ஒரு தடவைகூட அவள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. நான் தாளமுடியாமல், "ரொம்பச் சிரமமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டால், "ஆத்தா சொன்னதுதானுங்களே" என்பாள். என் கண்ணைப் பார்த்துத்தான் சொல்லுவாள். அந்த வருடம் பெங்களூருக்கு விண்ணப்பிக்கிற சமயம் வந்தது, போனது. அனுப்பினாயா என்று நான் கேட்கவில்லை. அனுப்பவில்லை என்று அவளும் சொல்லவில்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்துவிட்டது. அவள் வீட்டிலேயே இருந்தாள், சாயங்காலம் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனால் பேச்சு குறைந்துபோனது. பேச ஆள் வேண்டுமென்று செய்த காரியம், ஆள் இருக்கிறாள், பேச்சு இல்லை.

தீபாவளிக்குப் பெரியவன் வந்தான். கம்பெனி கொடுத்தது போதாதென்று தனக்கென்று புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தான், கார்டு போட்டதுதான். சோபாவில் படுத்துக்கொண்டு துப்பாக்கி பிடித்து ஓடினான். சின்னவள் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு எடுக்கறப்ப எந்தக் கோயில்ல பூக் கேட்டீங்கம்மா?" என்றாள். கிண்டல்போலத்தான் கேட்டாள். அவர் சிரித்தார். நான் பணியாரத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

தை மாதம் நானே அவரிடம் பேச்செடுத்தேன். பாப்பாவுக்கு நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றேன். அவர் தீவன மூட்டையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஆத்தா வேண்டாம்னுட்டா. மீறி எடுத்து நாளைக்குப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

இது நானே கட்டின முடிச்சு. அதை அவிழ்க்க வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. "அப்ப இன்னொருக்கா பூக் கேட்டுப் பாக்கலாமுங்க" என்றேன். இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவர் மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டினார்.

"கேக்கலாம். ஆனா நான் எடுக்க மாட்டேன். பூசாரியே எடுக்கட்டும்" என்றார்.

ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் அப்படித்தான் இருந்தார். அவர் அண்ணன் வீட்டில் போருக்குப் பூக் கேட்டபோது இவரைத்தான் எடுக்கச் சொன்னார்கள், தூரப் போய் நின்றுகொண்டார். ஏதோ சலிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, கூடையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இந்தத் தடவை வெள்ளை மட்டும். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை வைத்துவிட்டால் யார் எடுத்தாலும் வெள்ளைதான் வரும், என் தப்பு ஒருவருக்கும் தெரியாமல் சரியாகிவிடும். பாதிக் கூடை பறித்திருப்பேன். பின்னால் அவள் நிற்பது தெரிந்தது. பல் தேய்த்துக்கொண்டே வந்திருந்தாள். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"செவப்பு பறிக்கலீங்ளாம்மா?"

நான் அடுத்த பூவைப் பறித்தேன்.

"அன்னைக்கு வெள்ளை பறிக்கலை. இன்னைக்குச் செவப்பு பறிக்கலை" என்றாள். குரல் உயரவில்லை. "வாய்க்கால்ல உடறதுக்கு முன்னால பிரிச்சுப் பாத்தனுங்ம்மா. பாக்கக் கூடாதுன்னு தெரியும். வெள்ளை எப்படித்தான் இருக்குதுன்னு ஒருக்காப் பாத்துட்டு உடலாம்னுதான் பிரிச்சேன்."

ஆக, அன்றைக்கே அவளுக்குத் தெரியும். ஆத்தா சொன்னதுதானே என்று என் கண்ணைப் பார்த்து அவள் சொன்னபோதெல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். நான் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரளிப் பால் கையில் பிசுபிசுத்தது.

"ஏன் கண்ணு எங்கிட்டக் கேக்கலை?" என்றேன். என்ன கேள்வி அது. எனக்கே வெட்கமாக இருந்தது.

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தனுங்ம்மா." அவள் கண் கலங்கியது, ஆனால் விடாமல் சொன்னாள். "வேண்டாம்னா வேண்டாம்னு எம்மொகத்தப் பாத்துச் சொல்லீருக்கலாமல்லங். நான் அழுதிருப்பேன். சோறு திங்காமக் கெடந்திருப்பேன். உங்ககூடச் சண்ட போட்டிருப்பேன். ஆத்தாகூட எப்படீங்ம்மா சண்ட போடறது?"

சொல்லிவிட்டு, "அப்பாகிட்ட நீங்களே சொல்லிருங்க" என்று உள்ளே போய்விட்டாள். நான் நம்பாதவள், சாமியை ஏமாற்ற முடியாதவள் என்று வைத்திருந்த நியாயம் அந்த இடத்திலேயே செத்துப்போனது. சாமியை நான் ஏமாற்றவில்லைதான். என் மகளுக்கு என்னோடு சண்டை போடும் உரிமை இருந்தது, அதைத்தான் இரண்டு வாழையிலைக்குள் மடித்து வைத்து எடுத்துக்கொண்டேன்.

கூடையோடு கொட்டகைக்குப் போனேன். அவர் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நின்ற வாக்கில் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது. அவர் கையிலிருந்த முட்டையை அட்டையில் வைத்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப எங்கையில இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"மொதல்ல ஒண்ணத் தொட்டேன். அதை உட்டுட்டு அடுத்ததை எடுத்தேன். தொட்டதையே எடுத்திருந்தா வெள்ளை வந்திருக்கும், புள்ளைக்கு நானே கெடுத்துட்டனேன்னு இத்தன நாளாக் கெடந்தேன்." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கூண்டுக்குப் போய்விட்டார்.

அண்ணன் வீட்டில் அவர் ஏன் தூரப் போய் நின்றார் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரே மடிப்பில் இரண்டு பேரைக் கட்டிப்போட்டிருக்கிறேன். அவர் மனது என்ன பாடு பட்டிருக்கும் என்று பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியவில்லை. அன்றும் அடுத்த சில நாட்களும் அவர் என்னோடு பேசவில்லை. ஒருநாள் காலையில் தேங்காயும் பழமும் எடுத்துக்கொண்டு தனியாகக் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். திருநீறு பூசின நெற்றியோடு வாசலில் நின்று, "ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிட்டேன். பூவெல்லாம் வேண்டாம். ரெண்டு பேரும் போயி, அவ கேக்கறதை எடுத்துட்டு வாங்க" என்றார். உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

பஸ்ஸில்தான் போனோம். ராசிபுரம் வரும்வரைக்கும் இருவரும் பேசவில்லை. அப்புறம் நானே ஆரம்பித்தேன். இந்தத் தடவை என் வாயாலேயே.

"எனக்கு இதை வாங்கறதுல இஷ்டமில்லை கண்ணு. இதை வாங்குனா நீ போயிருவே. நீ போறது எனக்குப் பிடிக்கலை."

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். "போவனுங்ம்மா" என்றாள்.

"அந்த ஊர்ல உனக்கு யாரைத் தெரியும்? சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"அண்ணன் சென்னைல என்ன பண்றானோ அதைத்தான் பண்ணுவேன்."

"அவன் ஆம்பள."

"அவனுக்குத் தோசை சுடத் தெரியாதுங்ம்மா, எனக்குத் தெரியும். அப்பறம் நீங்க டீச்சருங்க, மறந்துட்டீங்களா?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சண்டை போட்டோம். போன வருடம் போட்டிருக்க வேண்டிய சண்டை. நான் தோற்றேன். தோற்கிறோம் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது, ஆனாலும் புது பஸ் ஸ்டாண்டு வரும்வரை விடவில்லை. அவளும் விடவில்லை.

கடையில் அதே பையன்தான் இருந்தான். இந்தத் தடவை அவள் அவனைப் பேசவே விடவில்லை. கார்டில் எவ்வளவு மெமரி, மின்விசிறி எத்தனை, நாளைக்கு ராம் கூட்டிக்கொள்ள இடமிருக்கிறதா என்று அவளே கேட்டு, அவளே ஒன்றை எடுத்தாள். கறுப்பு, தடி. பையன் பெட்டியைக் கட்டி என் பக்கம் நீட்டினான். அவள் குறுக்கே கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு இருக்கை கிடைத்தது. பெட்டி அவள் மடியில். வீட்டிலிருந்த மெல்லிசு லேப்டாப்பைவிட இரண்டு மடங்கு கனம் இருக்கும். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள். அந்த வெள்ளி நிறத்ததை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அது போதும் என்றாள். சரி என்றேன்.

ஆண்டகளூர் கேட் தாண்டும்போது அவள் கால் மாற்றி உட்கார்ந்தாள். மடி வலிக்கிறது என்று தெரிந்தது.

"இங்க கொண்டா, கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்புதான்.

"வேண்டாங்ம்மா. நானே வெச்சுக்கறேன்" என்றாள்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். நாமக்கல் வரும்வரை அவள் அதைக் கீழே வைக்கவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை.